நுனிக்கால் தம்பதி

கட்டிலிலிருந்து இறங்கி இடது காலைத் தரையில் ஊன்றியதும் கிறிஸ்டினாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் கணவன் பிரேம்நாத் படுத்திருந்ததால் கத்தவில்லை. குதிகாலுக்கு அடியில் யாரோ ஆணி இறக்கியது மாதிரி வலி. பீரோவைப் பிடித்து, கதவைப் பிடித்து, குதிகாலைத் தரையில் படவிடாமல் நுனிக்காலில் நடந்து சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தாள். பால் பொங்குவதற்குள் வலி பாதி குறைந்துவிட்டது. அதுதான் அந்த வலியின் குணம். தூங்கி எழுந்து வைக்கும் முதல் அடியில் உயிர் போகும், நடக்க நடக்க அடங்கும், கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வந்து நிற்கும்.

இதை அவள் பிரேம்நாத்திடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் ஊசிக்கு அழைத்துப் போயிருப்பான், தைலம் வாங்கி வந்திருப்பான், எல்லாம் செய்திருப்பான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். "நான் அப்பவே சொன்னேன்." அதைக் கேட்பதற்குக் குதிகால் வலியே தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் ஷூ கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. பல வருஷம் தையல் பிரிவில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவள். பொங்கல் கழிந்ததும் அவளை ஃபைனல் செக்கிங்குக்கு மாற்றினார்கள். அது பெரிய பொறுப்பு. வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொரு ஜோடியும் அவள் கை வழியாகத்தான் பெட்டிக்குள் போகும். ஆனால் அங்கே நாற்காலி கிடையாது. சிமெண்டுத் தரையில் மேஜை முன்னால் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்க வேண்டும்.

"நாள் பூரா நிக்கற வேலை உனுக்கு எதுக்கு? தையல்லயே இரு," என்றான் பிரேம்நாத்.

"நிக்கறதுக்குத்தான் கால் குடுத்திருக்காரு ஆண்டவரு," என்றாள் கிறிஸ்டினா.

அந்தக் கால்களுக்கு அவள் போட்டிருந்தது அப்பளம்போல் தேய்ந்த ஒரு ரப்பர் செருப்பு. மெத்தென்ற உள்பட்டை வைத்த ஷூக்களை நாள் முழுக்க அழுத்திப் பார்த்துப் பெட்டியில் போட்டுவிட்டு, அந்த அப்பளத்தில் நடந்து வீட்டுக்கு வருவாள்.

இனி பிரேம்நாத். வேலூரில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. ஆம்பூரிலிருந்து ரயிலில் உட்கார்ந்து போய், ஆபீசில் உட்கார்ந்து, ரயிலில் உட்கார்ந்து திரும்புகிறவன். ஆபீசில் நடந்த மருத்துவ முகாமில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது, எடையைக் குறையுங்கள் என்றார்கள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே அறிவித்துவிட்டான்.

"நாளைலருந்து கிரவுண்டுல ஓடப் போறேன்."

"பஸ்ஸுக்குக்கூட ஓடாத ஆளு நீங்க. மொதல்ல கொஞ்ச நாள் நடங்க," என்றாள் அவள்.

"நடக்கறது வயசானவங்களுக்கு."

வேலூர் பஜாரில் கிளிப்பச்சை நிறத்தில் ஒரு ஷூ வாங்கினான். கடைக்காரர் இன்னும் ஒரு சைஸ் பெரிசு போடச் சொல்லியும் அந்த நிறம் வேறு சைசில் இல்லாததால் இதுவே போதும் என்று வந்துவிட்டான். முதல் நாளே கல்லூரிப் பையன்களோடு சேர்ந்து மூச்சு வாங்க ஓடினான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, வலது குதிகால் கையை விரித்துவிட்டது.

அவனும் சொல்லவில்லை. காரணம் அதே வார்த்தைதான். கிறிஸ்டினா அதைச் சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை அவனால் தாங்க முடியாது.

ஆனால் ஓடப் போவதையும் நிறுத்த முடியாதே. எனவே தினமும் விடிந்ததும் கிளிப்பச்சை ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, நுனிக்காலில் வாசல் வரை வருவான். ஷூவை மாட்டிக்கொண்டு கிரவுண்டுக்குப் போவான். கிரவுண்டுக்குள் போக மாட்டான். எதிரே இருக்கும் டீக்கடையில் பக்கத்து வீட்டு முக்தார் அகமதுவோடு உட்கார்ந்து ஏலக்காய் டீயும் சமோசாவும் சாப்பிடுவான். கிளம்பும்போது கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயில் தண்ணீர் பிடித்துச் சட்டையின் முதுகிலும் கழுத்திலும் தெளித்துக்கொள்வான்.

"இன்னா பிரேமு, இன்னிக்கு வேர்வை கம்மியா இருக்கே," என்று முக்தார் இன்னொரு கை தண்ணீர் ஊற்றுவார். பஜாரில் வளையல் கடை வைத்திருப்பவர். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் நுனிக்காலில் நடந்தால் எத்தனை நாள் மறைக்க முடியும்?

முதலில் பார்த்தவள் கிறிஸ்டினா. சமையலறைக் கதவிடுக்கு வழியாக, புருஷன் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு திருடன்போல் ஹாலைக் கடப்பதைப் பார்த்தாள். ஓடப் போகிற மனுஷன் எதற்குச் சத்தமில்லாமல் போக வேண்டும்? அன்று அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது மோந்து பார்த்தாள். வியர்வை நாற்றமே இல்லை. ஏலக்காய் வாசனை வந்தது. பையில் சமோசாத் தூள்.

"எவ்ளோ தூரம் ஓடினீங்க இன்னிக்கி?"

"அதெல்லாம் கணக்கு வெச்சா ஓட முடியாது."

"உடம்பு எளச்ச மாதிரியே தெர்லயே?"

"உள்ளுக்குள்ள எளைக்குது," என்றான்.

அவள் மனம் பல இடங்களுக்குப் போய் வந்தது. ஏலக்காய் போட்டு டீ கொடுப்பது யார்? எந்த வீட்டில்?

பிரேம்நாத்துக்கும் அதே நேரத்தில் வேறு கவலை வந்திருந்தது. அரைக் கண்ணைத் திறந்து படுத்திருந்தவன், மனைவி பூனைபோல் அறையை விட்டுப் போவதைக் கண்டான். ஒரு நாள் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தால், கதவுக்குப் பின்னால் அவள் சுவரில் இரண்டு கைகளையும் வைத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். கெண்டைக்காலை இழுத்துவிட்டால் வலி குறைகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பேச்சை ஒட்டுக் கேட்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அது போதாதென்று, ஒரு நாள் சில்லறை தேடி அவள் கைப்பையைத் திறந்தால் உள்ளே எருக்கம் இலைகள். ஈரத்துணியில் சுற்றி, பத்திரமாக.

பிரேம்நாத் பையை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தான். சர்ச்சில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர் அவள். அவள் பைக்குள் எருக்கு எதற்கு? அதையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் முக்தார் வீட்டுக்குப் போகிறாள். முக்தாரின் மனைவி வஜீதா கதவைச் சாத்துகிறாள். ஜன்னல் வழியாகப் புகை வருகிறது. இலை கருகும் நாற்றம் தெருவரைக்கும் அடிக்கிறது.

உள்ளே நடந்தது வேறொன்றுமில்லை. வஜீதா அடுப்பில் செங்கல்லைச் சூடு செய்து, அதன் மேல் எருக்கம் இலையைப் போட்டு, "வை, குதிகாலை வை, பயப்படாத," என்று கிறிஸ்டினாவின் காலை அமுக்கிக்கொண்டிருந்தாள். சூட்டுக்குச் சுகமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்து விடிந்தால் ஆணி அதே இடத்தில் இருந்தது.

"உங்கூட்டுக்காரர்கிட்ட சொல்லிடேன்," என்றாள் வஜீதா.

"சொன்னா அந்த வார்த்தைய சொல்வாருக்கா. நீங்களும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. பாய்கிட்டகூட."

வஜீதாவும் சத்தியம் செய்தாள்.

மறுநாள் டீக்கடையில் பிரேம்நாத் சமோசாவைத் தொடவில்லை.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. சாயங்காலம் உங்க வூட்ல இன்னா நடக்குது? கிறிஸ்டினா எருக்கு எடுத்துனு வர்றா. புகை வருது. எனுக்கு யாராவது ஏதாவது வெக்கறாங்களா?"

முக்தாருக்கு டீ புரையேறியது. சிரிப்பை அடக்கி, விசாரிக்கிறேன் என்றார். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் கேட்டார்.

"சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணிருக்கேன்," என்றாள் வஜீதா.

"எனுக்கும் ஒரு விஷயம் தெரியும். நானும் சத்தியம் பண்ணிருக்கேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க விஷயம் மேல் மாடியா, கீழ் மாடியா?" என்று கேட்டாள் வஜீதா.

"ரொம்பக் கீழ. தரையத் தொடற எடம்."

"என்னுதும் அங்கதான்." வஜீதா வாயைப் பொத்திக்கொண்டாள். "யா அல்லா, ரெண்டு பேருக்குமா?"

"நான் எதுவும் சொல்லல."

"நானும்தான் எதுவும் சொல்லல."

சத்தியத்தை மீறாமல் ஒரு காரியம் செய்யலாம் என்று அவர்களுக்குப் பட்டது. முக்தாரின் தோள்பட்டை ஒருமுறை பிடித்துக்கொண்டபோது வேலூரில் ஆபீசர்ஸ் லைனை ஒட்டிய சந்தில் இருக்கும் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில்தான் சரியானது. கலையரசி என்று ஒரு பெண் அதை நடத்துகிறாள். முக்தார் பிரேம்நாத்திடம் அதைச் சொன்னார். வஜீதா கிறிஸ்டினாவிடம் சொன்னாள். அப்பாயின்ட்மெண்டையும் அவர்களே போனில் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரே நாள், ஒரே நேரம்.

முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது பிரேம்நாத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாளைக்கி அரக்கோணம் பிராஞ்சுல ஆடிட். லேட்டாவும்."

"எனுக்கும் லேட்டாவும். வெளிநாட்லருந்து பையர் வர்றாங்க, சரக்கு பாக்க," என்றாள் கிறிஸ்டினாவும் ரசத்தைப் பார்த்துக்கொண்டு.

அவள் அரை நாள் லீவு போட்டு வேலூர் பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தவளுக்கு இறங்கும்போதுதான் தண்டனை கிடைத்தது. கம்பியைப் பிடித்து, நுனிக்காலில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கிளினிக் வாசலுக்கு வந்தாள். வரவேற்பறைக் கதவைத் தள்ளினாள்.

கிளிப்பச்சை ஷூ ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு, வலது பாதத்தை இடது முழங்கால் மேல் போட்டுப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தான் பிரேம்நாத்.

அவன் நிமிர்ந்தான். காலைச் சட்டென்று கீழே போட்டான். போட்ட வேகத்தில் குதிகால் தரையில் இடிக்க, "அய்யோ" என்றான்.

"இதான் அரக்கோணமா?" என்றாள் கிறிஸ்டினா.

"நீ... நீ என் பின்னாடியே வந்தியா? வாசக்கதவுல ஒட்டுக் கேட்டது பத்தாம வேலூர் வரைக்குமா?"

"நான் எதுக்குங்க ஒட்டுக் கேக்கறேன்? அதிருக்கட்டும், யாரு உங்களுக்கு ஏலக்கா டீ போட்டுக் குடுக்கறது?"

"அது முக்தார் பாய் வாங்கித் தர்றது! நீ சொல்லு, எருக்கு யாருக்கு வெக்கற?"

"எருக்கா? அத எப்பப் பாத்தீங்க? என் பையத் தொறந்தீங்களா?"

காத்திருந்தவர்கள் போனை இறக்கி வைத்துவிட்டு இவர்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர் நன்றாகத் தெரியட்டும் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதற்குள் வரவேற்பில் இருந்த பெண் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"பிரேம்நாத், குதிகால் வலி! கிறிஸ்டினா, குதிகால் வலி! ரெண்டு பேரும் உள்ள போங்க."

கிறிஸ்டினா அவன் குதிகாலைப் பார்த்தாள். அவன் அவள் குதிகாலைப் பார்த்தான். பிறகு இருவரும் எழுந்து, இருவருமே நுனிக்காலில், ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். பெரியவர் கைதட்டியிருப்பார். கட்டு தடுத்தது.

கலையரசி இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் உட்கார வைத்தாள். குதிகாலின் உள்பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள். இருவரும் ஒரே சுரத்தில் கத்தினார்கள்.

"எலும்பு வளந்திருக்குன்னு போன்ல படிச்சேன் மேடம்," என்றான் பிரேம்நாத்.

"அது வலியே இல்லாத நெறைய பேருக்கும் இருக்கும் சார். பிரச்சனை அது இல்ல. குதிகால்லருந்து விரல் வரைக்கும் உள்ளங்கால்ல பட்டையா ஒரு நார் போகுது. அது மேல பாரம் ஜாஸ்தியானா குதிகால்ல ஒட்டியிருக்கற எடத்துல நொந்துபோவுது. ராத்திரி பூரா சுருங்கிக் கெடக்கும். காலைல மொத அடி வெச்சதும் வெடுக்குனு இழுக்கும். உயிர் போற மாதிரி இருக்கா?"

"இருக்கு," என்றார்கள் இருவரும்.

"சரி. ஏன் வந்துச்சுன்னு பாப்போம். புதுசா ஓட்டம் கீட்டம் ஆரம்பிச்சீங்களா சார்? நடக்கவே பழகாம எடுத்த எடுப்புல ஓடறது..."

கிறிஸ்டினாவின் முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தாள்.

"...இல்லன்னா நாள் பூரா சிமெண்டுத் தரையில நிக்கற வேலையா மேடம்? தேஞ்சுபோன தட்டைச் செருப்பு வேறயா?"

பிரேம்நாத்தின் முகம் மலர்ந்தது. அவனும் வாயைத் திறந்தான்.

"நான் அப்பவே சொன்னேன்!"

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன. கலையரசி ஒரு நிமிஷம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முதலில் சிரித்தவள் கிறிஸ்டினா. பிரேம்நாத் கொஞ்ச நேரம் முறைப்பாக இருக்கப் பார்த்தான், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"வேர்வைக்குக் கொழா தண்ணி தெளிச்சிக்குவேன் கிறிஸ்டி," என்று சிரிப்புக்கு நடுவில் அவனே சொல்லிவிட்டான்.

"எருக்க எலைய செங்கல்லுல போட்டு ஒத்தடம் குடுத்துக்கிட்டேங்க. வேற ஒண்ணுமில்ல."

"நீ பில்லிசூனியத்துல எறங்கிட்டியோன்னு நெனச்சேன்."

"நீங்க வேற எதுலயோ எறங்கிட்டீங்கன்னு நான் நெனச்சேன்."

கலையரசி தொண்டையைச் செருமினாள். எடை ஏறுவது, கெண்டைக்கால் இறுகிப்போவது, பாதம் ரொம்பத் தட்டையாகவோ ரொம்ப வளைவாகவோ இருப்பது, நாற்பதைத் தாண்டுவது, எல்லாமே இதற்குக் கூட்டாளிகள் என்றாள். இரண்டு பேருக்கும் கெண்டைக்கால் கயிறுபோல் இறுகிக் கிடப்பதைத் தொட்டுக் காட்டினாள். சுவரில் கை வைத்து, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்திக் கெண்டைக்காலை இழுக்கச் சொல்லிக் கொடுத்தாள். விடிந்ததும் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே கால்விரல்களைக் கையால் பிடித்துத் தன் பக்கம் இழுத்துவிட வேண்டும். ஐஸ் வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலுக்கு அடியில் உருட்ட வேண்டும். ஓட்டம் இப்போதைக்குக் கிடையாது. ஊசிக்கு அவசரமில்லை.

"மாசக்கணக்குல ஆவும். பொறுமையா இருக்கணும். அப்புறம் வீட்டுக்குள்ளயும் வெறுங்கால்ல நடக்காதீங்க. மெத்துன்னு ஒரு செருப்பு போட்டுக்கோங்க."

"வூட்டுக்குள்ள செருப்பா?" கிறிஸ்டினா நெஞ்சில் கை வைத்தாள். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் அவளுக்குப் பெரிய மருந்தாகத் தெரிந்தது. "சமையக்கட்டுலயா மேடம்?"

"சமையக்கட்டுலதான் மேடம் ஜாஸ்தி நிக்கறீங்க."

திரும்பும்போது இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். பள்ளிகொண்டா தாண்டும்வரை யார் எப்படி மறைத்தோம் என்பதையே பேசிக்கொண்டு வந்தார்கள். ஆம்பூரில் இறங்கும்போது அவன் முதலில் இறங்கி, கையை நீட்டி, அவளைப் பிடித்து இறக்கினான். பிறகு நேராக வஜீதா வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவதற்கென்று நின்றார்கள்.

"நாங்க யாரயும் காட்டிக் குடுக்கல," என்றாள் வஜீதா வாசலிலேயே. "டாக்டர்கிட்ட அனுப்புனோம். அவ்ளோதான்." உள்ளேயிருந்து முக்தாரின் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் ஹால் சுவரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கைகளை ஊன்றித் தள்ளினார்கள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வஜீதாவின் பாத்திர அலமாரி. கொஞ்ச நேரத்தில் அவள் ஓடி வந்தாள்.

"கிறிஸ்டினா, ஏன் இந்தத் தள்ளு? சுவத்த இடிச்சி ரெண்டு வூட்டயும் ஒண்ணாக்கப் போறீங்களா? என் ஈயச் சட்டியெல்லாம் ஆடுது!"

"இது வைத்தியம்கா," என்றாள் கிறிஸ்டினா சுவரை விடாமல்.

பிரேம்நாத்தை வெளியே தெருப்பக்கத்துச் சுவருக்கு மாற்றினார்கள். அங்கே போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று, கரண்ட் அடித்து ஒட்டிக்கொண்டானோ என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

கம்பெனியில் கிறிஸ்டினா ஃப்ளோர் மேனேஜரிடம் பேசினாள். நிற்கிற இடத்தில் கால்களுக்கு அடியில் போட ஒரு ரப்பர் மேட் வேண்டும், நடுநடுவே உட்கார ஒரு ஸ்டூலும் வேண்டும் என்றாள். அவர் முதலில் யோசித்தார். பிறகு, அவரே காலையில் ஏன் நொண்டிக்கொண்டு வருகிறார் என்று அவள் கேட்டதும், மேட்டும் வந்தது, ஸ்டூலும் வந்தது. ஒரு வாரத்தில் செக்கிங் மேஜையில் இருந்த அத்தனை பெண்களும் மேட் கேட்டார்கள். அவர்களுக்கும் வந்தது.

வீட்டுக்குள் போட செருப்பு வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. உலகத்துக்கே ஷூ அனுப்புகிற ஊரில், கிறிஸ்டினா ஒவ்வொரு கடையிலும் செருப்பை வளைத்து, அமுக்கி, தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரிஜெக்ட் என்று திருப்பி வைத்தாள். மூன்றாவது கடைக்காரர் கும்பிட்டார். கடைசியில் குண்டான அடிப்பாகம் வைத்த ஒரு ஜோடி தேறியது. ரோஜாப்பூ நிறம். அதே தினுசில் பிரேம்நாத் சைசுக்கும் அந்த நிறம்தான் இருந்தது. அவன் சைஸ் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டான்.

வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. நல்ல நாளும் வந்தது, பல்லைக் கடிக்கிற நாளும் வந்தது. ஒரு கல்யாண வீட்டில் வெறுங்காலோடு வெகுநேரம் நின்றுவிட்டு வந்த மறுநாள் கிறிஸ்டினா மறுபடி பீரோவைப் பிடித்தாள். பிரேம்நாத் தூக்கக் கலக்கத்திலேயே எழுந்து போய் ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலைக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் ஒன்றுமே சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டான். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மழைக்காலம் வந்தபோது அவளுக்கு ஏறக்குறைய சரியாகிவிட்டது. அவனுக்குக் கொஞ்சம் தாமதமானது. சமோசாவை விட்ட பிறகுதான் எடையும் இறங்கியது, வலியும் இறங்கியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் இருவரும் கிரவுண்டில் நடக்கிறார்கள். பேசிக்கொண்டே மெதுவாக. எல்லோரும் அவர்களைத் தாண்டிப் போகிறார்கள். போன வாரம் விளையாட்டுச் சங்கத்துக்காரர் ஒருவர் வழிமறித்து, மாவட்ட அளவில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது, நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது என்று பிரேம்நாத் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார். பிரேம்நாத் அதை மேலும் கீழும் படித்தான். நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. கிறிஸ்டினா தூரத்தில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரவுண்டு வாசலில் தள்ளுவண்டிக்காரர் சுண்டல் விற்றுக்கொண்டிருந்தார். பிரேம்நாத் நோட்டீஸைக் கூம்பாகச் சுருட்டி அவரிடம் நீட்டினான்.

"இதுலயே போடுங்க. மாங்கா கொஞ்சம் ஜாஸ்தியா."

இருவரும் ஓரமாகக் கல் பெஞ்சில் உட்கார்ந்து, ஓடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு சுண்டலைத் தின்று முடித்தார்கள்.